மகாதமனியை அளத்தல்

வால்டாக்ஸ் சாலையின் லாரி பார்சல் கிடங்குகளில் மூட்டை சுமந்தே முதுமை எய்தியவர்கள், பீடியை இன்னும் கைவிடாதவர்கள், சிறுநீர்க் கல்லுக்கென்றோ பித்தப்பைக்கென்றோ யானைக்கவுனியிலுள்ள என் ஸ்கேன் அறைக்கு வந்து படுக்கும்போது, முதுகெலும்பின் முன்னால் ஓடும் மகாதமனியையும் ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுவதை நான் நித்திய நியமமாகவே வைத்திருக்கிறேன். சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழாய் மூன்றைத் தொட்டுவிட்டால் அதற்கு அன்யூரிசம் என்று பெயர். வலியில்லை, ஜுரமில்லை, பெரும்பாலோருக்கு அதன் பிரக்ஞையே இல்லை.

ஐந்தரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட வீக்கத்தை அவசரப்பட்டு அறுப்பதால் ஆயுள் நீடிப்பதில்லை என்று 1998-ல் பிரிட்டனிலும் 2002-ல் அமெரிக்காவிலும் வெளியான பரிசோதனைகள் காட்டிய பிறகு, காத்திருந்து அளப்பதே சிகிச்சையின் பெரும்பகுதியாயிற்று. பெண்களுக்குச் சிறிய அளவிலேயே வெடிக்கும் அபாயம் அதிகமாகையால், அந்த எல்லையை ஐந்தாகக் குறைத்துக்கொள்கிறோம். சிறு வீக்கம் வருஷத்துக்குச் சராசரி இரண்டு மில்லிமீட்டர் வளரும். குழாய் அகல அகலச் சுவரின் இழுவிசையும் ஏறுவதால் பெரியது விரைந்து பெருக்கும். புகை அதைத் தூண்டும். ஆச்சரியமாக, நீரிழிவுக்காரர்களுக்கு வளர்ச்சி மந்தமாகவே இருக்கிறது. ஏழு சென்டிமீட்டரை எட்டியும் அறுவைக்கு உட்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் வெடித்தது என்பது 2002-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வின் கணக்கு.

வருஷத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வளர்ச்சியைப் பிடிக்கும் கைக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! குடல் வாயு விலகும்படி புரோபை மெல்ல அழுத்தி, குழாயின் போக்குக்குச் செங்குத்தான வெட்டுமுகம் கிடைக்கும்வரை மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாய்ந்த வெட்டில் வட்டம் முட்டை வடிவாகி, இல்லாத வளர்ச்சியைக் காட்டும். உள்ளே படிந்த ரத்த உறைவை விட்டுவிட்டு ரத்தம் ஓடும் வழியை மட்டும் அளந்தாலோ, இருக்கும் வீக்கமே மறைந்துபோகும். உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு அளப்பதற்கும் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளப்பதற்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அது ஒரு வருஷத்து வளர்ச்சியைவிடப் பெரியது. ஆகையால் எப்படி அளந்தேன் என்பதை ரிப்போர்ட்டில் எழுதாமல் நான் கையெழுத்திடுவதில்லை. எழுதாத ரிப்போர்ட்டை அடுத்த வருஷ ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவது வீண்.

"வலியே இல்லியே சார், இன்னாத்துக்கு மறுபடி வரணும்?" என்று கேட்கிறார்கள். நாலு சென்டிமீட்டரைத் தாண்டியவர் வருஷத்துக்கொரு முறையும், ஐந்தைத் தாண்டியவர் ஆறு மாதத்துக்கொரு முறையும் பழைய ரிப்போர்ட்டோடு வர வேண்டும் என்று சொல்லி, வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும்வலி கண்டால் என்னிடம் வராமல் நேரே ஸ்டான்லிக்கோ ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ போய், அன்யூரிசம் இருக்கிறதென்று வாசலிலேயே சொல்லும்படி, உடன் வந்த மகனுக்கும் ஒரு தரம் உரைத்து அனுப்புகிறேன்.