தக்கை மரங்களின் நாடு

நம் குமணன்சாவடி வழியே செல்லும் சாலை பரங்கிமலையில் போய் முடிகிறது. பரங்கியர் என நம் முன்னோர் அழைத்தவர்களுள் முதல்வர் போர்த்துக்கீசியர். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் ஆகிய சொற்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. அவர்தம் நாடு எத்தகையது?

ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கியுள்ள போர்த்துக்கல் தமிழ்நாட்டினும் சிறியது. பரப்பு ஏறத்தாழ 92,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஒரு கோடியைச் சற்றே தாண்டுவர். வடக்கே மலைச்சரிவுகளில் திராட்சை; கடலோரம் மத்தி மீன். தலைநகர் லிஸ்பன். 1554-இல் உரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் அங்கே அச்சேறியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்!

ஆயினும் அந்நாட்டின் தனிச்செல்வம் தக்கை. நம் ஊர் நெட்டி அன்று. தென்பகுதியில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறையப் பாதி இங்கிருந்தே வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, கோடையில் கோடரியால் பட்டையை மட்டும் உரித்தெடுப்பர். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் எழுதிவைப்பர். ஒன்பது ஆண்டுகள் கழியும்வரை அம்மரத்தைத் தொடலாகாது. நட்ட கன்று முதற்பட்டை தர ஏறத்தாழ 25 ஆண்டு. குப்பிகளை அடைப்பதற்கேற்ற நல்ல தக்கை தர 40 ஆண்டுக்கு மேலாகும். தாத்தா நட்டதைப் பேரன் உரிப்பான்.

அந்தப் பேரன் ஊரில் இருக்கவேண்டுமே! 1960-களில் வறுமையினின்றும் ஆப்பிரிக்கப் போர்களினின்றும் தப்ப, இலட்சக்கணக்கானோர் பிரான்சு முதலிய நாடுகளுக்குப் புறப்பட்டனர். 1974 ஏப்ரல் புரட்சியில் சர்வாதிகாரம் வீழ்ந்தது, போர்களும் ஓய்ந்தன. எனினும் இளைஞர் வெளியேறுவது நிற்கவில்லை. தென்பகுதிச் சிற்றூர்களில் இன்று முதியோரே மிகுதி. பட்டை உரிப்பதோ கைத்தேர்ச்சி வேண்டும் வேலை. கோடரி சற்று ஆழப் பதிந்தாலும் மரம் புண்படும்.