டிஸ்க் தானாகக் கெடவில்லை

என் அக்கா அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. எட்டு ஆண்டுகளாகத் தன் மாணவர்களை ஊர்ப் பாட்டிகளிடம் அனுப்பி, தாலாட்டும் ஒப்பாரியும் வட்டாரச் சொற்களுமாகத் திரட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் செல்போனில் பதிவுசெய்து வந்த குரல்கள் எல்லாம் அவளுடைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. அவற்றை அழித்தவன் நான். டிஸ்க் தானாகக் கெட்டுவிட்டது என்று ஐந்து ஆண்டுகள் அவளை நம்பவைத்தவனும் நான்தான்.

2019இல், லேப்டாப் திறக்கவே நான்கு நிமிடம் ஆகிறது என்றாள். உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கூடும், நானே மாற்றித் தருகிறேன் என்றேன். அதே 500 ஜி.பி.யில் ஒன்று வாங்கினேன். பழையதில் உள்ளதைப் புதியதில் குளோன் செய்து, கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிற நான் அன்றிரவு எடுக்கவில்லை. எத்தனையோ முறை செய்த வேலைதானே என்ற மிதப்பு.

குளோன் மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து திறந்தேன். திரையில் இரண்டு டிஸ்க்குகள். இரண்டுக்கும் நேராக 465 ஜி.பி. என்றே இருந்தது. 500 ஜி.பி.யைக் கணினி அப்படித்தான் காட்டும். மாடல் எண்ணைப் பார்த்திருந்தால் எது பழையது என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. உள்ளதெல்லாம் அழியும் என்ற எச்சரிக்கைக்கும் சரி என்று தட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டிய வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. காலியாக இருந்த புது டிஸ்க்கைப் பழையதன் மேல் குளோன் செய்திருந்தேன்.

அதுவரை நடந்தது கவனக்குறைவு. பிறகு நான் செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

உடனே லேப்டாப்பை அணைத்திருக்க வேண்டும். அழிந்தது பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான். குரல்கள் டிஸ்க்கிலேயே இருந்தன. மேலே வேறெதுவும் எழுதாதவரை மீட்க வழி உண்டு. இது எனக்குத் தெரியும். ஆனால் டிஸ்க்கை மீட்பவர்களிடம் கொண்டுபோனால் அக்காவிடம் வாய் திறந்தாக வேண்டும். விடிவதற்குள் நானே மீட்டுவிடலாம் என்று அதே டிஸ்க்கில் விண்டோஸை நிறுவினேன். மீட்பு மென்பொருளை அதிலேயே போட்டேன். அகப்பட்ட கோப்புகளையும் அதிலேயே சேமித்தேன். என் தவறை மறைக்க மறைக்கக் குரல்கள் அழிந்துகொண்டே போயின. விடிந்தபோது மிஞ்சிய கோப்பு ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"பழைய டிஸ்க்குக்கா. மாத்துறதுக்குள்ள போயிடுச்சு" என்றேன்.

"நீ என்னடா பண்ணுவ, விடு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்தாள்.

சென்ற வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடிய பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஏதாச்சும் தேறியிருக்குமாடா?" என்று கேட்டாள்.

"தேறியிருக்கும்க்கா."

டிஸ்க் கெட்டுப்போனது என்றுதான் அவள் தன் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். என் பொய்யை அவள் வாயால் சொல்லவைத்தேன். அந்தப் பிள்ளைகளுக்கும் உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.