262ஆவது பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் கால் பந்தைத் தொடுவதே அபூர்வம், ஆட்டமெல்லாம் கையில்தான். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் தீர்மானிக்க வேண்டியவர் குவார்ட்டர்பேக். அவர் சரியில்லையெனில் மற்றப் பதின்மரும் வீண்.

அத்தகையவரை எங்கே தேடுவது? அனுபவசாலியைப் பணங்கொடுத்து அழைக்கலாம். பிற அணியுடன் பண்டமாற்றுச் செய்யலாம். ஆண்டுத் தேர்வில் கல்லூரி இளைஞரைப் பொறுக்கலாம். 2021இல் சான்பிரான்சிஸ்கோ அணி, தேர்வில் மூன்றாவதாக எடுக்கும் உரிமைக்காகத் தன் முதற்சுற்று உரிமைகள் மூன்றை மயாமிக்குத் தாரைவார்த்து, டிரே லான்சை எடுத்தது. 2022இல் இரண்டாம் ஆட்டத்திலேயே அவர் கணுக்கால் முறிந்தது. அடுத்து ஆடிய ஜிம்மி கரோப்போலோவுக்கும் டிசம்பரில் பாதம் முறிந்தது. வேறு வழியின்றி இறக்கப்பட்டவர் பிராக் பர்டி. அவ்வாண்டுத் தேர்வில் 262 பேரில் 262ஆவது! அவரே 2024 பிப்ரவரியில் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டு சென்றார். (அங்கே தோற்றது வேறு கதை.)

இங்கே எம்.எஸ்ஸி. சேர்க்கையில் என் பெயரும் காத்திருப்போர் பட்டியலின் அடியில் இருந்ததுதான். ஆகவே பர்டியின் வெற்றியில் எனக்கு ஓர் அற்பக் களிப்பு உண்டென்பதை மறைக்கவில்லை. ஆனால் சில நாட்களாக லான்சைப் பற்றியே நினைவு ஓடுகிறது. அவ்வணிக்குத் தொடக்கம் முதல் அவர் ஆடியவை நான்கே ஆட்டங்கள். 2023இல் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை டல்லாசுக்குக் கொடுத்துவிட்டார்கள். தேறாதவர் என்பது பலர் தீர்ப்பு. நான்கு புள்ளிகளை வைத்து நான் கோடு வரைந்தால் எங்கள் பேராசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

பட்டியலில் எனக்கு மேலிருந்த ஒருவர் வராமற்போனதால்தான் எனக்கு இடம். அவர் ஏன் வரவில்லை என்று இதுவரை நான் விசாரித்ததே இல்லை.