உரோமமா, தோலா?

சென்ற குளிர்காலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்து விலங்குரிமைக் குழுவினர், ஃபர் வணிகத்துக்கு எதிரான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு கேட்டனர். மொழியியல் படித்தவளுக்கு அரைநாள் வேலை என்று எண்ணி ஏற்றேன். தலைப்பிலேயே இடறினேன். ஃபர் என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற தனிச்சொல் இல்லை. 'உரோம வணிகத்தை எதிர்ப்போம்' என்று நான் எழுதியதைப் படித்த அறைத்தோழி, "ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதைப் போலத்தானே? இதில் எதிர்க்க என்ன இருக்கிறது?" என்றாள். அவள் கேட்டது நியாயம். கத்தரித்த மயிர் மீண்டும் வளரும். தோலை உரித்தபின் விலங்கே இல்லை. நான் தேர்ந்த சொல் கொலையை மறைத்திருந்தது. 'மென்மயிர்த்தோல்' என்று திருத்தினேன். (திருக்குறளின் கவரிமாவையும் சேர்க்கலாமே என்றார் ஒருவர். இங்கே மானம் போகவேண்டியது விலங்குக்கு அன்று என்பதால் விட்டுவிட்டேன்.)

2017 சனவரியில் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் தோல் இறக்குமதியை இந்தியா தடைசெய்ததை அறிக்கை ஒரு வரியில் கடந்து, காஷ்மீரத்து ஷாதூஷ் சால்வைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. கம்பளிகளின் அரசன் என்று பொருள்படும் பாரசீகப் பெயர் அது. மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய அச்சால்வையின் இழை, திபெத்தியப் பீடபூமியில் வாழும் சிரு என்னும் இரலையின் அடிமயிர். அவ்விலங்கு புதர்களில் உரசிச் செல்லும்போது சிக்கும் மயிரைப் பொறுக்கி எடுப்பதாகவே வணிகர்கள் சொல்லிவந்தனர். சிருவைக் கொன்று தோலுரித்தே மயிர் எடுக்கப்படுகிறது என்பதை, அங்கே பல்லாண்டு களஆய்வு செய்த ஜார்ஜ் ஷாலர் வெளிக்கொணர்ந்தார். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து சிருக்கள் வேண்டும். பன்னாட்டு வணிகம் 1979 முதலே தடைசெய்யப்பட்டிருந்தும், ஜம்மு காஷ்மீரில் நெசவு 2002 வரை வெளிப்படையாகவே நடந்தது. 'பொறுக்குதல்' என்ற ஒரு வினைச்சொல் அத்தனை ஆண்டுகள் அவ்வணிகத்தைக் காத்து நின்றது.

இப்பகுதியைச் சரிபார்க்க, எங்கள் துறையில் பயிலும் ஸ்ரீநகர் மாணவி ஒருவரிடம் மூல அறிக்கையைக் காட்டினேன். 'கொலைகாரர்களின் கைவினை' என்ற துணைத்தலைப்பில் அவர் விரல் நின்றது. அவருடைய பாட்டனார் ஷாதூஷ் நெய்தவர். புதர்க்கதையை இறுதிவரை நம்பியவர். தறி நின்றபின் வேறு தொழில் அறியாதவர். "அவர் ஒரு சிருவைக்கூடப் பார்த்ததில்லை. உங்கள் மொழியில் அவருக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். தடை தவறு என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை.

அத்துணைத்தலைப்பை நீக்கி, நெசவாளரிடமும் பொய்தான் விற்கப்பட்டது என்று இரண்டு வரி சேர்த்தேன். குழுவினர் இசையவில்லை. அறிக்கையின் கூர் மழுங்கிவிடும், இரக்கத்தைப் பங்கிட்டால் விலங்குக்கு மிஞ்சாது என்றனர். இரண்டு மாலைகள் வாதிட்டோம். துணைத்தலைப்பு போயிற்று. நான் சேர்த்த வரிகளும் போயின. அச்சாகி வந்த தாளில் வேட்டைக்காரர், கடத்தல்காரர், வணிகர், வாங்குபவர் எல்லாரும் இருந்தனர். ஒரு பிரதியை அந்த மாணவியிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்துகளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, நெசவாளர் எந்த வரியில் வருகிறார் என்று கேட்டார்.