வடகடலோரத்தில் நான்கு நாட்கள்

கடற்கரையிலே பிறந்து வளர்ந்தவர்கள், கடலைப் பார்ப்பதற்கென்று மூட்டை முடிச்சுக் கட்டிக்கொண்டு புறப்படுவதென்றால் கேட்போருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். நாமும் எம் இல்லாளும் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையிலே பிறந்தவர்கள். எனினும், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, உப்புக்காற்று எட்டாத ஒரு தொழிற்சாலைப் பட்டினத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங் கழித்துவிட்டோம். வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று சாட்டுகளுக்குக் குறைவில்லை. சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற பின்னர், அச்சாட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போயின. ஒக்டோபர் மாதத்து நடுவிலே ஒரு காலைப்பொழுதில், வாடகைக்கு அமர்த்திய ஒரு வண்டியில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம்.

அவ்வண்டியை அந்நாட்டார் ‘காம்பர் வான்’ என்று அழைப்பர். வெளித் தோற்றத்தில் அது சாதாரண வான்தான். உள்ளேயோ, இருவர் படுக்கத்தக்க மடக்குக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கைக்குட்டை அகலத்தில் ஒரு மேசை என்று ஒரு சிறு குடித்தனமே அடங்கியிருக்கும். 1950 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் தொழிற்சாலை செய்யத் தொடங்கிய சிறு வானே இவ்வகை வண்டிகளுக்குப் பாட்டன் எனலாம். ஆமைக்கு ஓடு எப்படியோ அப்படியே பிரயாணிக்கு இவ்வண்டி.

எம்முடன் வந்த மூன்றாம் பிரயாணி மணி. கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து நாம் எடுத்து வளர்த்த நாய். இன்ன சாதி என்று எவராலும் கூற முடியாது. ஆங்கில மண்ணிலே பிறந்ததாயினும் ‘வா’, ‘இரு’, ‘பொறு’ என்னும் மூன்று தமிழ்ச் சொற்களுக்கே அது கட்டுப்படும். இலையுதிர் காலத்தை நாம் தெரிந்துகொண்டதற்கும் மணியே காரணம். மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் இறுதிவரை இங்கிலாந்தின் கடற்கரைகள் பலவற்றில் நாய்களுக்கு அனுமதியில்லை. ஒக்டோபர் பிறந்ததும் தடை நீங்கும். கோடைக் கூட்டமுங் கலைந்துவிடும்.

கரையோரத்து ஊர்கள்

ஸ்கொட்லாந்தின் எல்லையை அடுத்துள்ளது நோதம்பர்லாந்து மாகாணம். அதன் கரையோரத்தில் ஏறத்தாழ நாற்பது மைல் நீளமான பகுதி, இயற்கை வனப்புக்காக 1958 ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்து வருகிறது. கட்டடங்கள் பெருகாமலும் மணல்மேடுகள் கரையாமலும் இன்றுவரை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் நாம் கண்ணுற்ற ஊர் அல்ன் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள அல்ன்மௌத். 1806 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையன்று வீசிய பெரும் புயலில் அவ்வாறு தன் போக்கையே மாற்றிக்கொண்டதாம். ஊரோடு ஒட்டியிருந்த கோயிற்குன்று அன்று முதல் ஆற்றுக்கு அப்பால் நிற்கிறது. கடல் நினைத்தால் ஊரின் படத்தையே மாற்றி வரையும் என்பது எமக்குப் புதிய செய்தியன்று.

அங்கிருந்து கிறாஸ்டர் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். ஹெறிங் என்னும் மீனைப் பிளந்து, உப்பிட்டு, ஓக் மரத்தூளின் புகையிலே பல மணி நேரம் தொங்கவிட்டுப் பதப்படுத்துவதில் இவ்வூர் பெயர் பெற்றது. எமது ஊரிலே வெயில் செய்யும் வேலையை, வெயில் அருமையான அந்நாட்டிலே புகை செய்கிறது. அன்றிரவு வண்டிக்குள் அம்மீனை அடுப்பிலிட்டபோது எழுந்த வாசனையில் எம் இல்லாள் சற்று நேரம் வாய் பேசாதிருந்தாள். மணியோ வாய் மூடவேயில்லை.

கிறாஸ்டரிலிருந்து ஒன்றரை மைல் தூரம் புல்வெளியூடாக நடந்தால் டன்ஸ்டன்பரோக் கோட்டையின் இடிபாடுகளை அடையலாம். 1313 ஆம் ஆண்டிலே லங்காஸ்டர் பிரபு தோமஸ் என்பவர் கட்டத் தொடங்கியது. மன்னரை எதிர்த்த அவர் 1322 ஆம் ஆண்டில் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். இன்று அக்கோட்டைக்கு ஆடுகளும் கடற்பறவைகளுமே குடிகள்.

கரையோர வண்டித் தரிப்பிடங்களில் இரவு தங்கலாகாது என்று ஆங்காங்கே பலகை நாட்டியிருக்கிறார்கள். ஆகையால் இராப்பொழுதை அதற்கென அமைந்த முகாம் நிலங்களிலேயே கழித்தோம். மழை வண்டியின் தகரக்கூரையிலே பெய்யும் ஓசை, தகரக் கொட்டிலில் உறங்கி வளர்ந்த காதுகளுக்குத் தாலாட்டேயாகும்.

வெள்ளைக் குட்டி

இரண்டாம் நாட்காலை பீட்னல் விரிகுடாவில் நடந்தோம். இரு மைல் மணலிலே நாம் மூவரும், தூரத்தே ஒரு மூதாட்டியும் அவருடைய கிழ நாயுமே. கோடையிலே இக்கரையின் ஒரு முனையில் ஆலாக் குருவிகள் ஆயிரக்கணக்கில் மணலிலே முட்டையிடும். அக்காலத்தில் கயிறு கட்டி, இரவு பகலாகக் காவலிருந்து அவற்றைப் பாதுகாக்கிறார்கள். நாம் சென்றபோது அப்பறவைகள் தென்துருவக் கடலை நோக்கிப் பறந்துவிட்டிருந்தன.

மணியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தோம். திடீரென அது காதை நிமிர்த்திக்கொண்டு பாய்ந்தோடியது. எதிரே, கடற்பாசிக் குவியலின் ஓரத்திலே, வெள்ளைப் பஞ்சு மூட்டை போன்று ஏதோ ஒன்று அசைந்தது. கடல்நாய்க் குட்டி! எமக்கு நாவெழவில்லை. எம் இல்லாளே, “மணி! இரு!” என்று கரை அதிரக் கூவினாள். மணி, குட்டிக்கு இருபது பாக தூரத்திலே, அடித்து வைத்த முளைபோல் உட்கார்ந்துவிட்டது.

ஓட்டமும் நடையுமாக வந்த மூதாட்டி, எம்மை அன்றி முதலில் மணியையே பாராட்டினார். அந்நாட்டார் வழக்கம் அது. பின்னர் எம்மைத் தூரத்தே அழைத்துச் சென்று விளக்கினார். எதிரேயுள்ள பார்ண் தீவுகளிலே இலையுதிர் காலத்தில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி ஈனுகின்றன. புயலடித்தால் சில குட்டிகள் இக்கரைக்கு அடித்து வரப்படுவதுண்டு. தாய் ஏறத்தாழ மூன்று வாரமே பாலூட்டும். அந்நாட்களில் மனிதரோ நாயோ நெருங்கினால் தாய் அஞ்சிக் குட்டியைக் கைவிட்டுவிடவுங் கூடும். இரக்கப்பட்டு அதனைத் தூக்கித் தண்ணீரில் விடுவதும் தவறு. விலகி நின்று, மீட்புத் தொண்டர்களுக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. அவரே தொலைபேசியில் அறிவித்தார். தொண்டர்கள் வருமளவும் நாம் நூறு பாகத்துக்கு அப்பால் நின்று, வேறெவரும் அவ்வழி செல்லாதபடி பார்த்துக்கொண்டோம். அதன் பின்னர், கடல்நாய்கள் வரக்கூடிய கரைகளிலே மணியைச் சங்கிலியின்றி விடுவதில்லை என்று தீர்மானித்தோம். தவறு மணியுடையதன்று, எம்முடையதே.

விளக்குக்காரர் மகள்

மூன்றாம் நாள் பாம்பரோ என்னும் ஊருக்குச் சென்றோம். கரும்பாறை மீது பெருங்கோட்டை. அதன் காலடியிலே கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணல். இவ்வூரிலே 1815 ஆம் ஆண்டு பிறந்தவள் கிறேஸ் டார்லிங். கடலுக்குள்ளிருந்த லோங்ஸ்டோன் வெளிச்சவீட்டைக் காத்தவர் அவள் தந்தை. 1838 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி விடியற்பொழுதில், ‘போபார்சயர்’ என்னும் நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்து கிடப்பதை அவள் கண்டாள். தந்தையும் மகளும் ஒரு துடுப்பு வள்ளத்திலே கொந்தளிக்குங் கடலிற் சென்றனர். முதல் முறை ஐவரைக் கொண்டுவந்தனர். தந்தை மீட்கப்பட்டவர் இருவருடன் மீண்டுஞ் சென்று நால்வரைக் கொண்டுவந்தார். நாடெங்கும் புகழ் பரவியது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 26 ஆம் வயதில், கிறேஸ் நோயினால் இறந்தாள். அவள் கதையை எம் இல்லாள் நினைவு நிலையத்தில் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணுக்கு அக்கதையிலே விளங்காத சொல் எதுவுமில்லை.

மாலையில் கோட்டையின் கீழே மணலில் அமர்ந்திருந்தோம். ஆள் நடமாட்டம் இல்லை. “எவ்வளவு அமைதி!” என்றோம் நாம். அவள் சற்றுப் பொறுத்து, “எங்கடை கரையும் உப்பிடித்தானே அமைதியாக் கிடந்தது” என்றாள்.

அதற்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். வள்ளங்களும் வலைகளும் வாடிகளும் விடப்பட்ட இடத்திலேயே கிடந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்காக, அம்மணலிலே ஊரவரின் காலடி ஒன்றும் பதியவில்லை. ‘அமைதியான கடற்கரை’ என்று உல்லாசப் பிரயாண விளம்பரங்களிற் காணும்போதெல்லாம் எமக்கு நெஞ்சு ஒரு கணம் தயங்குவது இதனாலேதான். கடலைப் பார்க்க வராமைக்கு நாம் கூறி வந்த சாட்டுகளின் பின்னே இருந்ததும் இதுவே.

கடல் மூடும் பாதை

நான்காம் நாள் சென்ற இடம் ‘புனித தீவு’ எனப்படும் லிண்டிஸ்பாண். 635 ஆம் ஆண்டளவில் துறவி ஏயிடன் இங்கே மடம் அமைத்தார். 793 ஆம் ஆண்டிலே வைக்கிங் கொள்ளைக்காரர் அதைத் தாக்கினர். ஏறத்தாழ 700 ஆம் ஆண்டளவில் இங்கு எழுதப்பட்ட சித்திர வேலைப்பாடுள்ள சுவிசேட ஏடுகள் இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

தீவுக்குச் செல்லும் பாதையே பெரும் விந்தை. யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டாது. வடகடலிலோ, பறுவம் அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீற்றர் அளவுக்குச் செல்லும். ஆகவே நாளுக்கு இரு தடவை, 1954 ஆம் ஆண்டிலே அமைத்த வண்டிப்பாதையைக் கடல் முற்றாக மூடிவிடுகிறது. அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்காக, வழியிலே உயர்ந்த மரக்கால்களின் மீது ஒரு வெள்ளைப் பரண் நிற்கிறது. அட்டவணையைப் பொருட்படுத்தாதோர் சிலர் ஆண்டுதோறும் அதற்கு வேலை கொடுக்கின்றனர்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் தீவை விட்டு நீங்க வேண்டும் என்று அட்டவணை கூறியது. துறையிலே, பழைய ஹெறிங் வள்ளங்களைக் கவிழ்த்து வைத்துச் சாமான் கொட்டில்களாகப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வடதுருவத்தை அடுத்த சுவல்பார்ட் தீவுகளிலிருந்து மாரிகாலத்தைக் கழிக்க வந்த வாத்துக் கூட்டமொன்று சேற்றிலே மேய்ந்தது. நேரம் போனதே தெரியவில்லை. “இஞ்சாருங்கோ, மணியைப் பாருங்கோ, இரண்டே முக்கால்!” என்றாள் எம் இல்லாள். தன்னைப் பார்க்கச் சொன்னதாக எண்ணி நாய் வாலை ஆட்டியது. வண்டியை விரைந்து செலுத்தினோம். பாதையின் இரு மருங்கிலும் தண்ணீர் ஓசையின்றி, ஆனால் உறுதியாக, ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நாம் பெருநிலத்தை அடைந்து வண்டியை நிறுத்தியபோது நேரம் மூன்றாவதற்கு இரு நிமிடம்.

இறங்கி நின்று திரும்பிப் பார்த்தோம். முதலில் பாதையின் ஓரங்கள் மறைந்தன. பின்னர் நடுப்பகுதி மறைந்தது. கடைசியில் வெள்ளைப் பரண் மாத்திரம் கடல் நடுவே நின்றது. சற்று முன் சென்ற வழி அங்கே இருந்ததென்று கூறினால் எவரும் நம்பார்.

எம் இல்லாள் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தாள். “இரவு எட்டு மணிக்குத் திரும்பத் திறக்குமாம்” என்றாள். பின்னர், “எங்களுக்கு உப்பிடி ஒரு கடுதாசி ஒருத்தரும் தரேல்லை” என்றாள்.

எமது கரையின் பாதையை மூடியது கடலன்று. அது திறக்கும் நேரத்தைக் கூறும் அட்டவணை எதுவும் இருக்கவில்லை. 27 ஆண்டுகள் கழிந்து, 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டன. அச்செய்தியைத் தொலைபேசியிலே கேட்டுக் கண்ணீர் விட்டோம். ஆனால் போய்ப் பார்க்கவில்லை. போனால், நாம் விட்டு வந்த கரை அங்கே இராது என்னும் அச்சமே தடையாயிருந்தது.

வடகடலின் கரைகளிலே நாம் கண்ட அமைதிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கயிறு கட்டிக் காவலிருப்பவர்கள், கடல்நாய்க் குட்டிக்காக ஓடிவரும் மூதாட்டி, அட்டவணையை அச்சிட்டு ஒட்டுபவர்கள், புகைக் கொட்டிலில் மீன் தொங்கவிடுபவர்கள் ஆகியோர் சேர்ந்து காப்பாற்றும் அமைதி அது. ஊரை வெளியேற்றிப் பெற்ற மௌனத்துக்கு அப்பெயரைக் கொடுத்தலாகாது. மயிலிட்டியிலே மீண்டும் வள்ளங்கள் கரையேறுவதால் எழும் இரைச்சலே, எம் காதுக்கு, அதைவிட மேலான அமைதியாகும்.

வீடு திரும்பிய இரவிலே எம் இல்லாள் அவ்வட்டவணையைச் சாமி அறையில் வைத்தாள். தை மாதத்துக்கு இரு விமானச் சீட்டுகள் எடுத்திருக்கிறோம். மணியை அயலவர் பார்த்துக்கொள்வதாக வாக்களித்துள்ளார். ‘வா’, ‘இரு’, ‘பொறு’ என்னும் சொற்களை அவருக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

வாசக அன்பர்களே, உங்களில் கடலுக்கு அரை மைல் தூரத்திலே வசித்தும், மாதக்கணக்காகக் கரைப்பக்கம் போகாதோர் பலர் இருக்கக்கூடும். வெயில் தாழ்ந்ததும், வீட்டு நாயையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள். வழி திறந்திருக்கிறது.