எடை போட்டுட்டு வாங்க

ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தூக்கணும் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: எடை போட்டுட்டு வாங்க. நூல் லோடும் துணி லோடும் ராப்பகலாக ஓடுகிற ஊர் என்பதால் திருப்பூரில் எடை மேடைக்குக் குறைவில்லை. முழு வண்டிக்கு ஒரு சீட்டு. முன் சக்கரம் இரண்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு, பின் சக்கரம் இரண்டும் நிற்க இன்னொரு சீட்டு. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வண்டிக்குள் என்னென்ன கிடக்குமோ அதெல்லாம் கிடக்க வேண்டும். கழுவித் துடைத்துக் காலி செய்துகொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் பதினோரு வருஷம் நிட்டிங் மிஷின் பிட்டராக இருந்தேன். காயில் ஸ்பிரிங் எனக்குப் பிடிபட்டது அந்த வேலையால்தான். பருத்தி நூலை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தால் அதிகம் நீளாது, அறுந்துவிடும். அதே நூல் ஊசியில் ஏறி லூப் லூப்பாகக் கோத்து பனியன் துணியாக இறங்கினால் இழுத்த இழுப்புக்கு வந்து, விட்டதும் பழையபடி போய் நிற்கும். அந்த நெளிவு நூலுக்குள் இல்லை, அது வளைந்து கிடக்கும் விதத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கும் அப்படித்தான். மேலிருந்து அமுக்கும்போது கம்பி நசுங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கம்பி தன் நீளம் முழுக்க முறுக்கிக்கொள்கிறது. நீளமான ஒரு கம்பியை நேராக வைத்து முறுக்குவதற்குப் பதில், இடம் போதாமல் சுருட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

லூப் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே துணியின் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, மாறிவிடும் என்பது நிட்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்பிரிங் கம்பி அதைவிடக் கறார். கம்பி விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப விறைப்பு ஏறும். சுற்றும் அகலமும் அப்படியே இருக்கட்டும், கம்பி மட்டும் 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் வெர்னியர் இல்லாமல் நான் ஸ்பிரிங் வாங்குவதில்லை. வாங்கி வந்ததும் பிரஸ்ஸில் நிறுத்தி, அடியில் எடை மிஷின் வைத்து, 10 மி.மீ.க்கு ஒருமுறை அமுக்கி நோட்டில் எழுதிவிடுவேன். டப்பாவின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் என் நோட்டில் உள்ளதுதான் கணக்கு.

பல்லடம் ரோட்டில் நிட்டிங் வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஜிம்னி எடுத்து வந்தார். 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டி. ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் ஒற்றை ஆக்ஸில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். காலி எடை சுமார் 1,200 கிலோதான்.

“அண்ணா, ரெண்டு இஞ்ச் தூக்கிருங்க. ஹெவி லோடு ஸ்பிரிங்கே போட்டுருங்க, வின்ச் வெக்கிறப்ப சரியா இருக்குமுங்க.”

“வின்ச் எப்பங்க தம்பி வெக்கறீங்க?”

“பாக்கலாமுங்ணா.”

அந்தப் பாக்கலாமில்தான் பாதி வண்டி கெட்டுப்போகிறது. நாளைக்கு வரப்போகிற எடைக்கு இன்றைக்கே ஸ்பிரிங் போட்டால், அந்த எடை வருகிறவரைக்கும் வண்டி குதித்துக்கொண்டேதான் ஓடும்.

அவருக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சக்கரம், ஆக்ஸில் எடையைக் கழித்துவிட்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங்மேல் 225 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் என்றால் 112 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே உயரத்தில் 2.6 கிலோ ஸ்பிரிங் போட்டால் 87 மி.மீ.தான் அமுங்கும். வண்டி 25 மி.மீ. தூக்கிக்கொண்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதைக் கீழே தள்ளிக்கொண்டு போவது அந்த அமுங்கிய நீளம்தான். முன்பு 112 மி.மீ. வரை தரையைத் தேடிப் போன சக்கரம் இப்போது 87-லேயே கைவிட்டுவிடும். விறைப்பைக் கூட்டி வாங்கிய உயரத்துக்கு விலை அது. உயரம் வேண்டுமென்றால் விறைப்பை ஏறக்குறைய அப்படியே வைத்து, நீளம் கூடிய ஸ்பிரிங்கைத் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஓல்ட் மேன் எமு போன்ற சஸ்பென்ஷன் கம்பெனிகள் ஒரே வண்டிக்கு, எப்போதும் சுமக்கும் எடையைக் கேட்டு வேறு வேறு ஸ்பிரிங் கொடுப்பது இதனால்தான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பல வருஷங்களுக்கு முன் என் சொந்த வண்டிக்கு ஒரு கடையில் தடித்த ஸ்பிரிங் செட் வாங்கிப் போட்டேன். ஷாக் அப்சார்பரும் நீளமாக மாற்றிவிட்டேன். காங்கேயம் பக்கம் நண்பரின் கொறங்காட்டுக்கு, இருபுறமும் கிளுவை வேலி நெருங்கிய இட்டேரியில் போய், கடைசியில் ஓர் ஓடையில் இறங்க வேண்டும். வலது பின் சக்கரம் பள்ளத்தில் தொங்கியது. எழும்பிய வண்டி திரும்ப உட்கார்ந்தபோது டங்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் கீழ்த்தட்டை விட்டு வெளியே வந்து, சாய்ந்து, சட்டத்தில் பல் பதித்து நிற்கிறது. ஷாக் இறங்க விட்ட தூரத்துக்கு ஸ்பிரிங்கால் வர முடியவில்லை. ஜாக்கி வைத்து அதைத் திரும்ப உட்காரவைக்க வெயிலில் மூன்று மணி நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு காங்கேயம் மாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சட்டத்தில் விழுந்த வடு இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஜிம்னி போன்ற ஒற்றை ஆக்ஸில் வண்டியில் எந்த ஸ்பிரிங் போட்டாலும் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியல் குடுவை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். ஸ்பிரிங் உயர்த்துவது உடலைத்தான். வரப்பையோ மேட்டையோ தாண்டும்போது நடு வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். ஐந்து கதவு வண்டியின் வீல்பேஸ் 2,590 மி.மீ., அதனால் அதற்கு அந்த உதவி தேவைதான். ஆனால் தூக்கத் தூக்க முன் ஆக்ஸில் சற்றே சுழன்று காஸ்டர் குறையும், நேர்ரோட்டில் ஸ்டீயரிங் அலையும். ஆக்ஸிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். பிரேக் ஹோஸ் இழுபடும். 2020-ல் வந்த தார் வண்டி என்றால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அங்கே ஆக்ஸில் ஷாஃப்டின் மூட்டுகள் கோணலாகி பூட் கிழியும். ஸ்பிரிங் விலையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் இதையெல்லாம் பிற்பாடு வாங்குகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. எனவே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். வேலை போனாலும் பரவாயில்லை. கூரை உயர்ந்த வண்டி வளைவில் சாயும்போது உள்ளே இருப்பது இன்னொருவருடைய பிள்ளைகள்.

தம்பி கேட்டுக்கொண்டு வந்தார், சீட்டுகளோடு. பின்னால் எப்போதும் நான்கு துணி ரோல், ஏறக்குறைய 100 கிலோ. முன்னால் எதுவும் கூடவில்லை. முன்பக்கத்துக்குக் கம்பெனி விறைப்பிலேயே நீளம் கொஞ்சம் கூடிய ஸ்பிரிங், பின்பக்கத்துக்கு அந்த ரோல்களுக்கு மட்டும் ஈடான ஒன்று. முப்பது மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டோம். காஸ்டர் புஷ்ஷும் மாற்றினோம். ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கினேன்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தேன், புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன். டிரைவர் பக்கம் 6 மி.மீ. தாழ்வு, மற்ற பக்கம் 3. இடமும் வலமும் எப்போதும் ஒன்றாக இருக்காது, ஓட்டுகிறவர் ஒரு பக்கம்தானே உட்காருகிறார். வண்டியின் எண்ணுக்கு நேரே நோட்டில் நான்கு அளவையும் எழுதி, எடைச் சீட்டு மூன்றையும் அதே பக்கத்தில் ஒட்டினேன். “வின்ச் வாங்கினா முதல்ல மேடைக்குப் போயிட்டு வாங்க தம்பி” என்றேன். “செரிங்ணா” என்று ரோல்களுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.