உப்புக்காற்றில் நிற்கும் டியூ-142

தொண்ணூறுகளில் அரக்கோணம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு டியூ-142 விமானம் முதலில் காதுக்குத்தான் பழக்கம், கண்ணுக்கு அப்புறம்தான். மேகத்துக்குள் எங்கேயோ இருக்கும்போதே ஓட்டுக்கூரை அதிரும். ஜெட் விமானத்தின் சீறல் இல்லை அது, அடிவயிற்றில் இறங்கும் உறுமல். இறக்கைக்கு இரண்டாக நான்கு எஞ்சின்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். இலைகளின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டுவதால்தான் அப்படி ஒரு சத்தம் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நாளில் எங்களுக்கு அது ‘ரஷ்யா பிளேன்’, அவ்வளவுதான்.

அவற்றில் ஒன்று இப்போது விசாகப்பட்டினத்தில், ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1988இல் சோவியத் நாட்டிலிருந்து கோவாவுக்கு வந்து சேர்ந்த விமானங்கள் இவை. இந்தியக் கடற்படை மொத்தம் எட்டு வாங்கியது. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தைத் திறந்துவைத்தார். அந்த ஆண்டே இவை அங்கே குடிவந்தன. இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடி அலைவதுதான் வேலை. 29 ஆண்டுகள், ஏறக்குறைய 30,000 மணி நேரம், ஒரு விபத்துகூட இல்லாமல் பறந்தன. 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் வைத்தே விடைகொடுத்தார்கள். ஏப்ரலில் இந்த ஒரு விமானம் கடைசியாக ஒருமுறை பறந்து விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். டேகா தளத்தில் இறங்கியது. அங்கே பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். டிசம்பர் 7ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். 53 மீட்டர் நீளம், 50 மீட்டர் இறக்கை வீச்சு. ஊருக்குள் இதைக் கொண்டுவந்ததே ஒரு சாகசம்தான். ஆனால் என்னை இழுத்தது அந்தச் சாகசம் அல்ல. கொண்டுவந்து நிறுத்திய பிறகு என்ன ஆகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான்.

கூட்டம் வருவதற்கு முன்பே காலையில் போயிருந்தேன். என்னோடு வந்தவர் கடற்படையில் விமான உடல் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற திருத்தணிக்காரர். ராஜாளியில் இதே ரக விமானத்தின் வயிற்றுக்குக் கீழே பல வருஷம் படுத்துக் கிடந்தவர். மூக்குச் சக்கரத்தின் அருகே போனதும் அவர் கை தானாக மேலே எழுந்து தகட்டைத் தடவியது. பார்வையாளர் யாராவது அப்படித் தொட்டால் அவரே அதட்டுவார்.

“சர்வீஸ்ல இருந்தப்போ கடல் மேல தாழப் பறந்து வந்தா நல்ல தண்ணியில கழுவித்தான் விடுவோம், தம்பி. உப்பு ஒட்டியிருந்தா மறுநாளே வேலையைக் காட்டிடும்” என்றார். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அலை தெரிந்தது. “இப்போ இது கடலுக்குப் போய் வர்றதில்லை. கடல்கிட்டயே குடியிருக்கு.”

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமையலறைப் பாத்திரத்துக்கு அது ஓரளவு உண்மை. காற்றுப் பட்டதுமே சுத்த அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதுவே கவசமாகிவிடுகிறது. ஆனால் விமானத்தகடு சுத்த அலுமினியம் இல்லை. பலத்துக்காக அதில் சுமார் 4 சதவீதம் செம்பு சேர்த்திருப்பார்கள். சோவியத் ஆலைகளில் இந்தக் கலவைக்கு டி-16 என்று பெயர். பலம் தந்த அந்தச் செம்புதான் அரிப்புக்கும் வாசலைத் திறக்கிறது. அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தில் மெல்லிய போர்வை ஒன்றை உருட்டி ஒட்டுவார்கள். அந்தப் போர்வை கிழியாதவரை கவலை இல்லை. ரிவெட் அடிக்கத் துளை போட்ட இடம், வெட்டிய ஓரம், யாரோ சாவியால் பெயர் கிறுக்கிய இடம் என்று ஏதாவது ஒரு வழியில் உப்பு உள்ளே போய்விடும்.

திருத்தணிக்காரர் ஒரு கதவின் கீல் பக்கமாகக் குனிந்து காட்டினார். பெயின்ட் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் தட்டினார், உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. இரும்பின் துரு சிவப்பாகச் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அலுமினியம் வெள்ளையாக, பெயின்டுக்கு அடியில் ஒளிந்தபடியே தின்னும். இதைவிட மோசமானது தகட்டின் உள்ளேயே அடுக்கு அடுக்காகப் பிரிவது. உருட்டாலையில் அழுத்தப்பட்ட உலோகத்தின் துகள்கள் படுக்கை படுக்கையாக இருக்கும். அரிப்பு அந்த இடுக்குகளில் ஓடினால், பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வந்துவிடும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் தேய்த்துப் பூசிச் சரிசெய்ய முடியாது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டியதுதான்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர். கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தக்காரரிடம் பெயின்டராக இருந்து கற்ற கை. தெலுங்கும் இந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். கப்பல் என்றால் கிரைண்டரை வைத்து வழித்துவிட்டுப் பூசலாம். இங்கே அப்படி இல்லை என்றார். அவருக்குத் திருத்தணிக்காரர் சொல்லித் தந்த முதல் பாடம், இரும்புக் கம்பி பிரஷ்ஷையும் ஸ்டீல் வூலையும் கிட்டவே கொண்டுவரக் கூடாது என்பது. தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் இடையே பேட்டரியில் நடக்கிற அதே வேலை ஆரம்பமாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். சுத்தம் செய்த இடத்திலேயே புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதனால் நைலான் பஞ்சுதான். சின்ன இடமென்றால் நீர் எமரி பேப்பர், அதுவும் மெல்லிய ரகம்.

அவர் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்புளம் எழும்பிய இடத்தைவிட உள்ளங்கை அகலம் அதிகமாகவே வட்டம் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் சுரண்டியால் பெயின்டை எடுத்தார். பளபளக்கும் உலோகம் தெரியும்வரை நைலான் பஞ்சால் ஒரே திசையில் தேய்த்தார். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டார். பிறகு பிரைமர். அதை எடுக்கும்போது மட்டும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டார். உலகம் முழுக்க விமானங்களுக்குக் காலம்காலமாகப் பூசிவந்த மஞ்சள்பச்சை பிரைமரில் குரோமேட் உண்டு. அரிப்பைத் தடுப்பதில் அதற்கு நிகரில்லை. நுரையீரலுக்கு அதைப்போல் கெடுதலும் இல்லை. பழைய பெயின்டைச் சுரண்டும்போது பறக்கும் தூசியிலும் அது இருக்கும் என்பதைப் பல இடங்களில் வேலையாட்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. இவருக்குச் சொல்லியிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ரிவெட் வேலை தனிக் கலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ரிவெட்டின் தலையில் அடிப்பார். இன்னொருவர் உள்ளே தகட்டுக்குப் பின்னால் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவருக்கு அடிப்பவர் முகம் தெரியாது, சத்தம்தான் கணக்கு. “அடி சரியா விழுந்தா கட்டி கையில துள்ளாது. துள்ளுச்சுன்னா ரிவெட் கோணிப்போச்சுன்னு அர்த்தம்” என்றார் திருத்தணிக்காரர். வால் பக்கம் ஒரு ஆள் நுழையவே திணறும் குழாயில் உட்கார்ந்து அந்தக் கட்டியைப் பிடித்த அனுபவம் அவருக்கு உண்டு. சித்திரை வெயிலில் அரக்கோணத்து ஓடுதளத்தில் அதற்குள் என்ன சூடு இருந்திருக்கும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

அருங்காட்சியக விமானத்துக்கு எதிரி உப்பு மட்டும் இல்லை. மழைத்தண்ணீர் வடிய அடிவயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் குருவிக்கூடும் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே குளம் கட்டும். எஞ்சின் வாய்க்கு வலை போடாவிட்டால் மைனா குடும்பம் நடத்தும். பறவை எச்சம் அமிலம். நகராமல் நிற்கும் டயர் ஒரே பக்கம் அழுந்தி வெடிக்கும் என்பதால் எடையைத் தாங்கிகளுக்கு மாற்ற வேண்டும். புயலும் இருக்கிறது. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டின விமான நிலையத்தின் கூரையையே பிய்த்து எறிந்த ஊர் இது. நின்றுகொண்டிருந்தாலும் இறக்கை இறக்கைதான். போதிய காற்று அடித்தால் அது தூக்கப் பார்க்கும். புரொப்பல்லர்களைச் சுழலாமல் பூட்டி, உடலைத் தரையோடு பிணைத்து வைப்பது அதனால்தான்.

உள்ளே ஏறினால் வேறு உலகம். விமானி அறையின் கருவிப் பலகை நீலப்பச்சை நிறம். சோவியத் விமானங்களின் அடையாளமே அந்தப் பெயின்ட்தான். பொத்தான்களுக்கு அடியில் ரஷ்ய எழுத்துகள். ஆபத்தில் குதிக்க வெளியேற்று இருக்கை கிடையாது. மூக்குச் சக்கரம் இறங்கும் வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாசல்வரை ஆட்களை நகர்த்திக்கொண்டு போகத் தரையிலேயே ஓடுபட்டை வைத்திருந்தார்கள். இதைக் கேட்ட பிறகு, 30,000 மணி நேரம் விபத்தில்லாமல் பறந்தது என்ற கணக்குக்கு வேறு எடை வந்துவிடுகிறது.

எஞ்சினுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மானிய, ஆஸ்திரியப் பொறியாளர்கள் குஸ்னெத்சோவ் நிறுவனத்தில் உருவாக்கிய என்கே-12. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். காட்சிக்கூடத்தில் புரொப்பல்லரின் ஒரு இலைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அதன் அளவு உறைக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் இலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, விடுமுறைக்கு வந்தவர்கள். அப்படி வருகிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்தால் போதும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

பாதுகாக்கும் கலையில் நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போர் முடிந்து போகும்போது அமெரிக்கத் தயாரிப்பான பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பறக்க முடியாதபடி சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள் பிரிட்டிஷார். சுதந்திரத்துக்குப் பின் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் அவற்றை ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். எச்.ஏ.எல்.லின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1968வரை நம் விமானப்படையில் அவை பறந்தன. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் உள்ள லிபரேட்டர்களில் சில, இந்தியா கொடுத்தவை. செய்தவன் அமெரிக்கன், உடைத்தவன் ஆங்கிலேயன், காப்பாற்றியது பெங்களூர் ஃபிட்டரின் கை.

திறமை இருந்தும் தோற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது கூரை. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் வெஸ்ட்லண்ட் வாபிட்டி என்ற விமானம் இருக்கிறது. 1933இல் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு வாபிட்டிகளோடுதான் தொடங்கியது. சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம். உலகத்தில் முழுசாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். துணி விமானம் இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம் அது ஹேங்கருக்குள் நிற்பதுதான். அதைவிடப் பல மடங்கு உறுதியான டியூ-142 வெட்டவெளியில், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கிறது. கடற்கரையில் வைத்தால்தான் கூட்டம் வரும், சாலைக்கு எதிரே 2002இலிருந்தே குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பது நியாயமான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தில் ஆண்டுதோறும் பெயின்ட், ரிவெட், ஆள்கூலி என்று செலவு இருக்கிறது. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பெயின்டுக்குக் கிடைப்பதில்லை என்பது இந்தியாவில் எந்தத் திறந்தவெளிக் காட்சிக்கும் பொருந்தும்.

அடுத்த விமானத்தை எந்த ஊரில் நிறுத்தினாலும் முதலில் கூரையைக் கட்டுங்கள். பீடமும் வண்ண விளக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூரைக்கு வழியில்லை என்றால் மதிப்பீட்டிலேயே பராமரிப்புக்கென்று தனி நிதியும், பயிற்சி பெற்ற ஆட்களுக்கு நிரந்தர வேலையும் எழுதிவையுங்கள். திருத்தணிக்காரர் தலைமுறை போய்விட்டால் அந்தப் பெயின்டர் இளைஞருக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது. விசாகப்பட்டினம் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. உள்ளே வழிகாட்டியாக நிற்பவர் பழைய கடற்படைக்காரராக இருந்தால், விமானத்தைப் பற்றி மட்டும் கேட்காமல் அவர் அதில் என்ன வேலை பார்த்தார் என்றும் கேளுங்கள்.